நூலைக் கேட்பதா, நம் அறிவைக் கேட்பதா? டர்பன் தமிழ் வீடுகளில் அடிக்கடி எழும் கேள்விகள்

கல்யாணம், காரியம், காவடி, பிள்ளைகளின் படிப்பு என்று எதைப் பேச ஆரம்பித்தாலும் நம் வீடுகளில் ஒரே இடத்தில்தான் முட்டிக்கொள்கிறோம். பெரியவர்கள் "சாத்திரத்தில் அப்படித்தான் இருக்கிறது" என்பார்கள். இளையவர்கள் "எந்தச் சாத்திரத்தில்? இருந்தால்தான் என்ன?" என்பார்கள். சபைக்குப் போகும் உறவினர்கள் பைபிளைத் திறப்பார்கள். தென்னாப்பிரிக்காவில் டர்பன், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம் பக்கத்துக் குடும்பங்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் எனக்குச் சரியென்று படும் பதில்களையும் இங்கே எழுதுகிறேன்.

சுருக்கமாகச் சொல்லுங்கள். நூல் சொல்வதைக் கேட்கவேண்டுமா, நாமே யோசித்து முடிவெடுக்கவேண்டுமா?

நூலைப் படியுங்கள், மதியுங்கள். முடிவை நீங்கள் எடுங்கள். எடுத்த முடிவுக்கு நீங்களே பொறுப்பு.

"நான் எதையும் யோசிப்பதில்லை, நூல் சொன்னபடி நடக்கிறேன்" என்பவரும் யோசித்துத்தான் இருக்கிறார். எந்த நூல், அதில் எந்தப் பாட்டு, யார் எழுதிய உரை, எதை விட்டுவிடலாம் என்பதையெல்லாம் அவரோ அவருக்குச் சொல்லிக்கொடுத்தவரோ தேர்ந்தெடுத்துத்தான் இருக்கிறார்கள். தெரியாமல் தேர்ந்தெடுப்பதைவிடத் தெரிந்து தேர்ந்தெடுப்பது நல்லது. இந்தப் பக்கம் முழுக்க நான் சொல்லப்போவது அதைத்தான்.

கிறிஸ்தவர்களுக்கு பைபிள், முஸ்லிம்களுக்குக் குர்ஆன். இந்துத் தமிழர்களுக்கு எது?

ஒரே நூல் என்று ஒன்று கிடையாது. சைவர்களுக்கு வேதம், ஆகமம், பன்னிரு திருமுறை, மெய்கண்ட சாத்திரங்கள் 14. வைணவர்களுக்கு நாலாயிரத் திவ்வியப் பிரபந்தம். திருக்குறளை எல்லோரும் தம்முடையது என்கிறோம்.

ஆனால் இந்த நாட்டில் நம் கதை நூலிலிருந்து தொடங்கவில்லை. 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்தது. 1911 வரை சுமார் 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நட்டாலுக்கு வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மதராஸ் மாகாணத்திலிருந்து வந்த தமிழர்களும் தெலுங்கர்களும். கரும்புத் தோட்டங்களில் அவர்கள் எழுப்பிய சிறு கோவில்களில் பல, மாரியம்மனுக்கும் திரௌபதி அம்மனுக்கும் எழுப்பியவை. பூமிதி, காவடி, கூழ் ஊற்றுவது எல்லாம் பாட்டாகவும் கூத்தாகவும் கைப்பழக்கமாகவும் தாயிடமிருந்து மகளுக்கும் தகப்பனிடமிருந்து மகனுக்கும் வந்தன. பாரதக் கதையைக்கூடப் பலர் கேட்டுத்தான் அறிந்தார்கள்.

நூலை முன்வைத்துப் பேசியவர்கள் பிற்பாடு வந்தார்கள். 1905இல் ஆரிய சமாஜத்தைச் சேர்ந்த பாய் பரமானந்தர், 1908இல் சுவாமி சங்கரானந்தர், அப்புறம் சைவ சித்தாந்த சங்கம், தெய்வ நெறிக் கழகம் என்று ஒன்றன்பின் ஒன்றாக. அவர்கள் செய்த நன்மை பெரிது. கூலிக்காரர்களின் பிள்ளைகளுக்கு, உங்களுக்கும் ஒரு பெரிய சிந்தனை மரபு இருக்கிறது என்று காட்டினார்கள். அதே சமயம், "சாத்திரப்படி செய்யவேண்டும்" என்ற பேச்சே நம்மில் பல குடும்பங்களுக்கு மூன்று நான்கு தலைமுறைக்குள் வந்ததுதான் என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். பாட்டி செய்ததை "நூலில் இல்லை" என்று ஒரே வார்த்தையில் தள்ளுகிறவர்களிடம் எனக்குப் பெரிய வருத்தம் உண்டு.

நம் நூல்கள் கேள்வி கேட்க விடுகின்றனவா?

பல நூல்கள் விடுகின்றன. சிலவற்றில் அதுவே முதல் பாடம். 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் எழுதிய சிவஞான சித்தியாரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை உண்மை என்று எப்படி அறிவது என்பதை அது தொடக்கத்திலேயே பேசிவிடுகிறது. காட்சி, கருதல், உரை என மூன்று அளவைகளை முக்கியமாகச் சொல்கிறது. நேரில் காண்பது, கண்டதிலிருந்து ஊகிப்பது, நம்பத்தகுந்த நூலின் சொல். அதாவது நூல் மூன்றில் ஒன்று. பரபக்கம் என்ற பகுதியில், கடவுளே இல்லை என்ற உலகாயதம் உட்பட 14 பிற கொள்கைகளை அவரவர் வாதத்தோடு எடுத்துவைத்து, பிறகுதான் மறுக்கிறது. எதிராளியின் வாதத்தை முழுக்கச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும்.

அடுத்து வந்த உமாபதி சிவம் தம் சிவப்பிரகாசத்தில் இன்னும் வெளிப்படையாகச் சொல்கிறார்: "தொன்மையவாம் எனும்எவையும் நன்றாகா, இன்று தோன்றியநூல் எனும்எவையும் தீதாகா." பழையது என்பதாலேயே எதுவும் நல்லது ஆகிவிடாது, புதியது என்பதாலேயே எதுவும் கெட்டது ஆகிவிடாது. சைவத்தின் சாத்திரம் என்று நாம் வணங்கும் 14 நூல்களில் ஒன்றில்தான் இந்த வரி இருக்கிறது!

கீதையில் இரண்டும் உண்டு. 16ஆம் அத்தியாயத்தின் முடிவில், செய்யத்தக்கது எது, தகாதது எது என்பதற்குச் சாத்திரமே உனக்கு அளவு என்கிறான் கண்ணன். போதனை முடியும் தறுவாயில், 18ஆம் அத்தியாயத்தில், இதையெல்லாம் மிச்சமின்றி ஆராய்ந்து பார், பிறகு உன் விருப்பப்படி செய் என்கிறான். முதலாவதை மட்டும் மேற்கோள் காட்டுகிறவர்களிடம் இரண்டாவதையும் வாசிக்கச் சொல்லுங்கள்.

குறள் 423 எல்லோருக்கும் தெரியும்: "எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும் அப்பொருள் மெய்ப்பொருள் காண்ப தறிவு." யார் யார் வாய் என்பதில் குருக்கள், பாஸ்டர், மௌலவி, பேராசிரியர், இதை எழுதும் நான் எல்லோரும் அடக்கம்.

நூலை நம்பி நடப்பவர்கள் ஒழுக்கமாகத்தானே வாழ்கிறார்கள்? அதனால் என்ன கெடுதல்?

பெரும்பாலும் கெடுதல் இல்லை. ஆனால் தென்னாப்பிரிக்காவில் வாழ்கிறவர்கள் இந்தக் கேள்விக்குத் தங்கள் சொந்த வரலாற்றில் பதில் தேடவேண்டும்.

இங்கே இன ஒதுக்கலுக்கு (அபார்தீட்) பின்னால் ஒரு பைபிள் வாசிப்பு இருந்தது. ஆட்சியாளர்களில் பெரும்பாலோர் சேர்ந்திருந்த டச்சு சீர்திருத்த சபை அதற்கு பைபிளிலிருந்து ஆதாரம் காட்டியது. ஆதியாகமம் 11இல் பாபேல் கோபுரக் கதை: தேவன் மொழிகளைத் தாறுமாறாக்கி மனிதரைச் சிதறடித்தார். அப்போஸ்தலர் 17:26: ஜனங்களுடைய குடியிருப்பின் எல்லைகளைக் குறித்தார். ஆகவே இனங்கள் தனித்தனியாக வளர்வதற்கு வேதத்தில் இடம் உண்டு என்று வாதித்தார்கள். 1974இல்கூட அந்தச் சபை வேதத்தின் வெளிச்சத்தில் என்று சொல்லி இந்த நிலைக்கு ஆதரவாக ஒரு நீண்ட அறிக்கை வெளியிட்டது.

அந்த எல்லைகள் காகிதத்தோடு நிற்கவில்லை. இனத்துக்கு ஒரு பகுதி என்று குடியிருப்புகளைப் பிரித்த 1950இன் குழுப் பகுதிச் சட்டத்தால் காட்டோ மேனரிலிருந்தும் மேகசின் பாரக்ஸிலிருந்தும் நம் குடும்பங்கள் பெயர்த்து எடுக்கப்பட்டு சாட்ஸ்வொர்த்தில் விடப்பட்டன. அவர்கள் விட்டுவந்த வீடும் தோட்டமும் திரும்பக் கிடைக்கவில்லை.

இப்போது அதே அப்போஸ்தலர் 17:26ஐ முதலிலிருந்து வாசியுங்கள். தமிழ் பைபிளில் அது "மனுஷஜாதியான சகல ஜனங்களையும் அவர் ஒரே இரத்தத்தினாலே தோன்றப்பண்ணி" என்று தொடங்குகிறது. பிரிவினைக்கு ஆதாரமாகக் காட்டிய வசனத்தின் முதல் பாதி, மனிதகுலம் முழுதும் ஒரே இரத்தம் என்கிறது. ஒரு பாதியை உரக்கப் படித்தார்கள், மறுபாதியைக் கடந்து போனார்கள். நூல் அவர்களைத் தடுக்கவில்லை. எந்த நூலாலும் தன்னைப் படிக்கிறவனைத் தடுக்க முடியாது.

அதே சபையில் பேயர்ஸ் நௌடே என்ற போதகர் இருந்தார். ஆளும் வட்டத்தின் இரகசியச் சங்கமான புரூடர்பாண்டில் உறுப்பினர். கறுப்பின மக்களின் வாழ்க்கையை நேரில் பார்த்ததும், 1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில் காவல்துறை 69 பேரைச் சுட்டுக் கொன்றதும் அவரை உலுக்கின. பைபிளை மறுபடி படித்தார். பிரிவினைக்கு அதில் ஆதாரம் இல்லை என்ற முடிவுக்கு வந்தார். 1963இல் தம் பிரசங்க பீடத்தை விட்டு வெளியேறினார். பின்னாளில் அவர் பொதுவில் பேசவும் கூட்டங்களில் கலந்துகொள்ளவும் அரசு ஏழு ஆண்டுகள் தடை விதித்தது. 1982இல் கலப்பினத்தவருக்கென்று ஒதுக்கப்பட்டிருந்த கிளைச் சபை பெல்ஹாரில் கூடி, இந்தப் பிரிவினை சுவிசேஷத்துக்கே விரோதம் என்று அறிக்கை வரைந்தது. அதே ஆண்டு உலக சீர்திருத்த சபைகளின் கூட்டமைப்பு, இன ஒதுக்கலுக்கு வேத நியாயம் கற்பிப்பதைக் கள்ளப் போதனை என்று அறிவித்தது.

இரு தரப்பும் ஒரே புத்தகத்தைத்தான் கையில் வைத்திருந்தார்கள். புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போய்ப் பார்த்துவிட்டு, மறுபடி வந்து திறந்தவர்தான் நௌடே. எனக்கு அவருடைய வாசிப்பே வேதத்துக்குச் செய்த மரியாதை.

அப்படியானால் நூலையே தள்ளிவிட்டு அறிவை மட்டும் நம்பலாமே?

அவசரப்படாதீர்கள். இன ஒதுக்கலைத் திட்டமிட்டு நடத்திய பிரதமர் ஃபெர்வூர்ட், ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தில் உளவியலும் சமூகவியலும் கற்பித்த பேராசிரியர். அவருக்கு யோசிக்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. அறிவும் தனக்கு வேண்டியதற்கு நியாயம் தேடிக் கொடுக்கும். வேதத்தை வளைப்பதைப்போலவே தர்க்கத்தையும் வளைக்கலாம்.

அதனால் நான் பார்க்கும் சோதனை வேறு. ஒரு முடிவால் யாருக்கு வலிக்குமோ, அவர் வாய் திறந்து பேச இடம் இருந்ததா? அவர் சொன்னதைக் கேட்டபிறகும் அந்த முடிவு நிற்கிறதா? நூலிலிருந்து வந்த முடிவுக்கும் இதுதான், சொந்த மூளையிலிருந்து வந்ததற்கும் இதுதான்.

இன்னொன்று. துக்கத்தில் இருக்கும்போது யாராலும் தெளிவாக யோசிக்க முடியாது. சாவு வீட்டில் "நாமார்க்கும் குடியல்லோம் நமனை அஞ்சோம்" என்று நாலு பேர் சேர்ந்து பாடும்போது உடைந்து போனவர்களுக்கு நிற்க ஒரு தரை கிடைக்கிறது. அதைத் தனி மனித அறிவு அந்த நேரத்தில் தராது. அந்தப் பாட்டு எங்கிருந்து வந்தது என்பதையும் யோசியுங்கள். பல்லவ மன்னன் ஆள் அனுப்பி அழைத்தபோது, வரமாட்டேன் என்று மறுத்து அப்பர் பாடியது என்பது மரபு. இன்று நாம் வேதமாக ஓதுவது, ஒரு மனிதர் அதிகாரத்தை மறுத்துச் சொன்ன சொல்.

நூலில் இல்லாத வழக்கங்களை விட்டுவிடலாமா?

இதே கேள்வி நீதிமன்றத்துக்கே போனது. டர்பனில் ஒரு பெண்கள் பள்ளியில் படித்த தமிழ் மாணவி மூக்குத்தி போட்டு வந்தார். பள்ளி விதி அனுமதிக்கவில்லை. பெண் பருவமடைந்ததும் மூக்குக் குத்துவது எங்கள் வீட்டு வழக்கம் என்றார் தாய். இது மதக் கட்டாயமா, வெறும் பண்பாடா என்று வாதம் வளர்ந்தது. கட்டாயம் என்று எந்த நூலிலிருந்தும் நிறுவப்படவில்லை. 2007 அக்டோபரில் அரசியல் சாசன நீதிமன்றம் மாணவியின் பக்கம் தீர்ப்பளித்தது. கட்டாயமான வழக்கங்களைப் போலவே, ஒருவர் தானே விரும்பி ஏற்றுக்கொண்ட வழக்கங்களுக்கும் பாதுகாப்பு உண்டு என்றது.

எனக்கு அந்தத் தீர்ப்பு மிகவும் பிடிக்கும். நூல் கட்டளையிட்டதால் செய்வதைவிட, இது எனக்கு முக்கியம் என்று உணர்ந்து செய்வது குறைந்தது ஆகாது. நம் அரசியல் சாசனத்தின் 15ஆம் பிரிவும் மனச்சான்று, மதம், சிந்தனை, நம்பிக்கை, கருத்து ஆகியவற்றை ஒரே வரியில் சேர்த்துத்தான் காக்கிறது.

கூழ் ஊற்றும்போது கோழி, ஆடு வெட்டுவது சரியா?

ஆகமக் கோவில்காரர்கள் கூடாது என்கிறார்கள். அம்மனுக்கு நேர்ந்துகொண்ட குடும்பங்கள் தாத்தா காலத்து வழக்கம் என்கிறார்கள். வெட்டவேண்டாம் என்பதுதான் என் எண்ணம். ஆனால் காரணம் ஆகமம் இல்லை, அந்த உயிர் படும் பாடு. வள்ளுவர் 259இல், நெய் சொரிந்து ஆயிரம் வேள்வி செய்வதைவிட ஓர் உயிரைக் கொன்று தின்னாமல் இருப்பது நல்லது என்கிறார். கொல்வதோடு தின்பதையும் சேர்த்தே சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமை மட்டன் பிரியாணி சாப்பிடுகிறவர்கள் ஆடி மாதத்தில் அடுத்த வீட்டுக்காரரைக் காட்டுமிராண்டி என்று சொல்வது நியாயம் ஆகாது.

சர்க்கரை நோய் இருக்கிறது. காவடிக்கு விரதம் இருக்கவேண்டும் என்கிறார்கள். மருந்தை நிறுத்தலாமா?

நிறுத்தக் கூடாது. மருத்துவரிடம் கேளுங்கள், அவர் சொன்னபடி உணவையும் மருந்தையும் அமைத்துக்கொள்ளுங்கள். முருகனுக்காக இன்சுலினை விடு என்று எந்தத் திருமுறையும் சொல்லவில்லை. யாராவது அப்படிச் சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

தம்பி சபைக்குப் போகிறான். அம்மன் பிரசாதம் வாங்கமாட்டேன் என்கிறான். அப்பாவின் காரியத்திலும் ஒதுங்கி நின்றான். வீடே இரண்டாகிவிட்டது.

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது, இதில்தான் அதிகம் அழுகிறார்கள். சாட்ஸ்வொர்த்தில் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் பெந்தெகொஸ்தே சபைகளில் சேர்ந்து தலைமுறைகள் ஆகிவிட்டன. இது புதிதல்ல.

தம்பியிடம் வாதம் செய்யுமுன் அவன் நூலில் என்ன இருக்கிறது என்று நீங்களும் பாருங்கள். கொரிந்து நகரத்தாருக்குப் பவுல் எழுதிய முதல் நிருபத்தில் 8, 10 அதிகாரங்கள் கிட்டத்தட்ட இதே சிக்கலைத்தான் பேசுகின்றன. விக்கிரகத்துக்குப் படைத்ததைச் சாப்பிடலாமா? விக்கிரகம் ஒன்றுமில்லை என்று அறிந்தவனை அந்தச் சாப்பாடு கெடுக்காது என்கிறார். ஆனால் பலவீனமான மனச்சாட்சி உள்ள சகோதரன் இடறுவான் என்றால் சாப்பிடாதே என்கிறார். படைக்கும் பந்தியில் பங்கெடுக்காதே என்றும் எச்சரிக்கிறார். அப்புறம், யாராவது விருந்துக்கு அழைத்தால் முன்னால் வைப்பதைக் கேள்வி கேட்காமல் சாப்பிடு என்கிறார். இது படைக்கப்பட்டது என்று ஒருவர் சொன்னால் மட்டும் விட்டுவிடச் சொல்கிறார். இரண்டு அதிகாரங்களில் இத்தனை திருப்பங்கள்! ஒற்றை வரிக் கட்டளையாக இதைச் சுருக்க முடியாது. பக்கத்தில் இருப்பவரின் மனம் என்ன ஆகும் என்று ஒவ்வொரு தடவையும் யோசிக்கச் சொல்கிறார்.

அதனால் தம்பி பிரசாதம் மறுத்தால் வற்புறுத்தாதீர்கள், அது அவன் மனச்சாட்சி. தம்பிக்கும் ஒன்று சொல்வேன்: அப்பாவின் காரியத்தில் நீ மந்திரம் சொல்லவேண்டாம், கற்பூரம் ஏற்றவேண்டாம். ஆனால் அம்மா பக்கத்தில் உட்காரலாம், வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கலாம், பெட்டிக்குத் தோள் கொடுக்கலாம். பெற்றோரை மதிக்கச் சொல்லும் கட்டளையும் அதே வேதத்தில்தான் இருக்கிறது.

கல்யாணத்துக்குச் சாதி பார்க்கச் சொல்லி சாத்திரம் காட்டுகிறார்கள்.

பௌதாயன தர்மசூத்திரம் கடற்பயணத்தைச் சாதியிழக்கச் செய்யும் குற்றங்களில் ஒன்றாகச் சொல்கிறது. அந்தச் சாத்திரத்தை முன்னோர் கேட்டிருந்தால் நாம் யாரும் இந்த ஊரில் பிறந்திருக்கமாட்டோம். கடலைத் தாண்டியவர்களின் பேரப்பிள்ளைகள் அதே வகைச் சாத்திரத்தைக் காட்டி இரண்டு பேரைப் பிரிப்பதை என்னால் ஏற்க முடியாது. நூல்தான் வேண்டும் என்றால் தேவாரத்தில் அப்பர் இருக்கிறார்: "சாத்திரம் பல பேசும் சழக்கர்காள், கோத்திரமும் குலமும் கொண்டு என்செய்வீர்?"

மாதவிலக்கு நாட்களில் கோவிலுக்குப் போகலாமா?

பல கோவில்களின் வழக்கம் வேண்டாம் என்கிறது. தீட்டு என்று நீங்கள் ஒதுக்குவது நின்றுதானே இந்த உடம்பே உருவானது என்று சிவவாக்கியர் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கேட்டுவிட்டார். நான் அவர் பக்கம். போவதும் போகாமல் இருப்பதும் அந்தப் பெண்ணின் முடிவு. மாமியார் முடிவும் இல்லை, கோவில் கமிட்டியின் முடிவும் இல்லை.

எல்லாம் விதி என்றால் யோசித்து என்ன பயன்?

குறளில் ஊழ் என்று ஓர் அதிகாரம் இருக்கிறது: "ஊழிற் பெருவலி யாவுள" என்று 380 கேட்கிறது. ஆள்வினையுடைமை என்று இன்னோர் அதிகாரமும் இருக்கிறது. சோர்வில்லாமல் முயல்கிறவர்கள் ஊழையும் புறமுதுகு காட்ட வைப்பார்கள் என்கிறது 620. ஒரே புலவர் இரண்டையும் சொல்கிறார். பிள்ளையை இழந்த தாயிடம் 620ஐச் சொல்வது கொடுமை. தேர்வில் தோற்ற பையனிடம் 380ஐச் சொல்வது அதைவிடக் கொடுமை. எதை யாரிடம் எப்போது சொல்வது என்பதை நூல் சொல்லாது, அங்கே நீங்கள்தான் யோசிக்கவேண்டும்.

மகன் கடவுளே இல்லை என்கிறான். என்ன செய்வது?

முதலில் கேளுங்கள். ஏன் அப்படி நினைக்கிறான் என்று அவன் முழுக்கச் சொல்லட்டும். சித்தியாரே உலகாயதனைப் பேசவிட்டுத்தான் மறுத்தது. சத்தம் போட்டு அடக்கினால் அவன் கோவிலுக்கு வருவான், ஆனால் உங்களிடம் எதையும் பேசமாட்டான். அது பெரிய இழப்பு.

எங்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. தேவாரத்தை ஆங்கில எழுத்தில் வைத்துப் பாடுகிறோம். பொருள் தெரியாமல் பாடுவது தவறா?

தவறே இல்லை. குரல் சேர்ந்து பாடுவதில் ஒரு பலன் உண்டு, அதை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் பொருள் தெரியாதவர், பொருள் சொல்கிறவர் கையில் இருக்கிறார். அவர் எதைச் சொல்கிறார், எதை விடுகிறார் என்று உங்களுக்குத் தெரியாது. அப்போஸ்தலர் 17:26இன் பாதியை மட்டும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு நேர்ந்தது நமக்கும் நேரலாம்.

நம் அரசியல் சாசனம் மதித்து வளர்க்கவேண்டிய மொழிகளில் தமிழையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அது ஏட்டில் மட்டும் இருந்தால் போதாது. பிள்ளைகளுக்கு எழுத்தாவது கற்றுக்கொடுங்கள். பெரியவர்கள் திருக்குறளில் 43ஆம் அதிகாரமான அறிவுடைமையிலிருந்து தொடங்கலாம், 421 முதல் 430 வரை பத்தே குறள். வாரத்துக்கு ஒன்று போதும். உரை ஒன்றோடு நிறுத்தாமல் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். பரிமேலழகர் கடினமாக இருந்தால் மு. வரதராசன் உரை எளிது, ஆங்கில மொழிபெயர்ப்பும் கூட இருக்கட்டும். இரண்டு உரைகளும் வேறுபடும் இடம் வரும்போது, வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து எது சரி என்று பேசுங்கள். சின்னவர்களை முதலில் பேசவிடுங்கள்.